ரப்பரின் வயதை யார் கணக்கு வைப்பது?

திருவாதவூரிலோ மேலூரிலோ ஒரு கல்யாண மண்டபத்தில் மின்சாரம் போகிறது. பின்கட்டில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்குகிறது. சில மண்டபங்களில் அது ஓடுவதே தெரியாது. வேறு சிலவற்றில் பந்தியில் வைத்த டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும். ஜன்னல் கண்ணாடி படபடக்கும். இரண்டு இடத்திலும் ஒரே கம்பெனியின் ஒரே திறன் கொண்ட ஜெனரேட்டர் இருக்கலாம். வித்தியாசம் பல நேரங்களில் இயந்திரத்தில் இருப்பதில்லை. அதைத் தாங்கி நிற்கும் நான்கோ ஆறோ ரப்பர் மவுண்டிங்குகளில் இருக்கிறது. புதிதில் நகத்தால் அழுத்தினால் குழிந்த ரப்பர், ஆண்டுகள் போகப் போக மெக்கானிக்குகள் சொல்வதுபோல ‘கல்லு மாதிரி’ ஆகிவிடுகிறது. கிழியவில்லை, பிய்யவில்லை. ஆகவே யாரும் அதை மாற்றுவதில்லை.

கிழிந்தால்தான் கெட்டது என்ற இந்த எண்ணத்தை நாம் கைவிட வேண்டும். அதிர்வைத் தடுக்கும் ரப்பரின் வேலை முழுவதும் அதன் விறைப்பைச் சார்ந்தது. வடிவம் அப்படியே இருக்க, விறைப்பு மட்டும் மாறிவிட்டால் அந்த ரப்பர் தன் வேலையை நிறுத்திவிட்டது என்றே பொருள். ஆனால் பேருந்து, ஆம்புலன்ஸ், ஜெனரேட்டர், குளிர்சாதன எந்திரம், பாலம் என நாம் நம்பியிருக்கும் எதிலும் அந்த ரப்பருக்கு வயது என்ன, இன்றைக்கு அதன் விறைப்பு என்ன என்று கேட்கும் வழக்கம் வரவில்லை.

இதை மதுரையில் இருந்துகொண்டு கேட்பதற்கு நியாயம் உண்டு. மல்லிகைக்கும் சுங்குடிக்கும் பேர்போன இந்த ஊர், ரப்பருக்கும் பேர்போனது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய போக்குவரத்துத் தொழில் வளர்ந்தபோது, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ஆலையும் கூடவே வளர்ந்தது. கோச்சடையில் வாகனங்களுக்கான ரப்பர் பாகங்களும் எந்திரங்களுக்கான பெல்ட்டுகளும் தயாராகின்றன. 1982-இல் தொடங்கப்பட்ட டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா நிறுவனத்தின் டயர் ஆலை இருக்கும் வெள்ளரிப்பட்டி, திருவாதவூர் இருக்கிற அதே மேலூர் வட்டத்தில்தான் வருகிறது. மாணிக்கவாசகர் பிறந்த ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில், காம்பவுண்டு, கியூரிங், மோல்டு என்ற சொற்களை வீட்டுப் பேச்சாகப் புழங்கும் குடும்பங்கள் உண்டு. பெரிய ஆலைகளோடு, சின்ன பிரஸ் ஒன்றை வைத்துக்கொண்டு புஷ்ஷும் மவுண்டிங்கும் வார்த்துக் கொடுக்கும் பட்டறைகளும் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. ரப்பரின் முதுமையைப் பற்றிப் பேச இவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

ரப்பர் ஏன் விறைக்கிறது? மரத்துப் பாலிலிருந்து எடுத்த ரப்பரை அப்படியே விட்டால் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் உருவாகி, இழுத்தால் நீண்டு விட்டால் திரும்பும் பொருளாகிறது. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டது இதைத்தான். இந்த வேலை அச்சிலிருந்து ரப்பரை எடுத்ததோடு முடிந்துவிடுவதில்லை. எந்திரத்தின் சூட்டில் மேலும் மேலும் பிணைப்புகள் விழுகின்றன. காற்றில் உள்ள ஆக்சிஜனும் சங்கிலிகளைப் புதிதாகப் பிணைக்கிறது. பிணைப்பு கூடக் கூட ரப்பர் இறுகுகிறது.

அதே ஆக்சிஜன் சங்கிலிகளை வெட்டவும் செய்யும் என்பதுதான் சிக்கல். பிணைப்பு முந்தினால் இறுக்கம்; வெட்டு முந்தினால் இளக்கம், பிசுபிசுப்பு. இயற்கை ரப்பரில் இரண்டுக்கும் இடமுண்டு. எஸ்.பி.ஆர்., நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர்களில் பெரும்பாலும் இறுக்கமே வெல்லும். இவை போதாதென்று, டீசலும் ஆயிலும் சொட்டினால் இயற்கை ரப்பர் ஊதிப் பருத்து வலுவிழக்கிறது. இழுபட்டு நிற்கும் பரப்பில் ஓசோன் வாயு நுண்ணிய வெடிப்புகளைக் கீறுகிறது. தயாரிப்பாளர்கள் இவற்றைத் தடுக்கும் வேதிப்பொருள்களையும் மெழுகையும் காம்பவுண்டு எனும் ரப்பர் கலவையிலேயே சேர்க்கிறார்கள். நாளடைவில் அவையும் தீர்ந்துபோகின்றன.

ஆகவே ஒரே ஜெனரேட்டரின் கீழ் நிற்கும் நான்கு மவுண்டிங்குகளும் ஒரே மாதிரி மூப்படைய வேண்டியதில்லை. சைலன்சர் பக்கத்துச் சூட்டில் வெந்தது கல்லாகியிருக்கும். டீசல் ஃபில்டருக்குக் கீழே இருப்பது ஊதிக் குழைந்திருக்கும். எந்திரம் ஒரு மூலையில் எழும்பி, இன்னொரு மூலையில் இறங்கி, கோணலாக ஆடும். அந்தக் கோணல் கப்ளிங்கையும் பேரிங்கையும் தின்னும். கடைசியில் பில் போடப்படுவது பேரிங்குக்குத்தான். ரப்பரின் பெயர் அந்தப் பில்லில் வருவதே இல்லை.

விறைப்பு எவ்வளவு மாறினால் எவ்வளவு கெடுதல் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ரப்பரின் கடினத்தன்மையை டூரோமீட்டர் என்ற சின்னக் கருவியால், ஷோர் ஏ என்ற அளவில் அளக்கிறார்கள். பொறியாளர்கள் பயன்படுத்தும் வழக்கமான அட்டவணைப்படி, கடினத்தன்மை 50 உள்ள ரப்பரின் சறுக்கு விறைப்பு எண் சுமார் 0.64 மெகாபாஸ்கல், 60 உள்ளதற்கு 1.06. அளவுகோலில் பத்துப் புள்ளிதான் ஏறியது. விறைப்போ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. சாதாரண மவுண்டிங் ஒன்று பல ஆண்டு சூட்டில் பத்துப் புள்ளி ஏறுவது அதிசயமல்ல. விரலால் தொட்டுப் பார்ப்பவருக்கு ‘கொஞ்சம் கட்டியாயிருக்கு’ என்றுதான் தோன்றும்.

ஒரு ஜெனரேட்டர் தன் மவுண்டிங்குகளின் மேல் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண் சுமார் 8 ஹெர்ட்ஸ். எந்திரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று, அதாவது நொடிக்கு 25 சுற்று ஓடுகிறது. புதிய ரப்பரில், அந்த 25 ஹெர்ட்ஸ் அதிர்வின் விசையில் தோராயமாக 11 விழுக்காடுதான் தரைக்கு இறங்கும். ரப்பர் பத்துப் புள்ளி இறுகியதும் இயல்பு அதிர்வெண் 10.3-க்கு ஏறுகிறது, தரைக்கு இறங்கும் அதிர்வு 20 விழுக்காட்டைத் தொடுகிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஒற்றை சிலிண்டர் எந்திரம் என்றால் நிலைமை இன்னும் மோசம். நான்கு வீச்சு எந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு நிகழ்வதால், அதன் அடிப்படை உதறல் 12.5 ஹெர்ட்ஸ். புதிய ரப்பர் அந்த உதறலை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துத் தரைக்கு அனுப்பும். இறுகிய ரப்பரோ அதை இரண்டு மடங்காகப் பெருக்கி அனுப்பும். தடுப்பதற்காக வைத்த பொருளே உதறலை வளர்க்கத் தொடங்கிவிடுகிறது! ரப்பருக்குள் இயல்பாக இருக்கும் அதிர்வு உறிஞ்சும் தன்மை இந்த எண்களை ஓரளவு தணிக்கும். ஆனால் திசை மாறாது.

இதில் வெப்பத்தின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் மூப்பின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது ரப்பர் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. 20 டிகிரியில் இருபது ஆண்டு தாங்கும் என்று குளிர்நாட்டுக் கையேடு சொல்லும் பொருள், 40 டிகிரியில் ஐந்தாண்டில் அதே முதுமையை எட்டிவிடும். சித்திரைத் திருவிழாக் காலத்து மதுரையில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டுவது உண்டு. தகரக் கொட்டகைக்குள், ஓடும் எந்திரத்தின் பக்கத்தில் என்ன சூடு இருக்கும் என்பதைக் கைவைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இங்கே அரசின் நல்ல விதி ஒன்றே எதிர்பாராத ஒரு பக்கவிளைவைக் கொண்டுவந்திருக்கிறது. 2002-இல் மத்திய அரசு டீசல் ஜெனரேட்டர்களின் இரைச்சலுக்கு வரம்பு கொண்டுவந்தது. 1,000 கே.வி.ஏ. வரையிலான புதிய ஜெனரேட்டர்கள், உறையிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. மக்களின் காதையும் தூக்கத்தையும் காத்த விதி அது, வரவேற்க வேண்டியது. ஆனால் இரைச்சலை அடைத்த பெட்டி சூட்டையும் அடைக்கிறது. காற்றோட்டம் சரியாக அமையாத இடத்தில், அடியில் உள்ள ரப்பர் முன்னைவிடச் சீக்கிரம் வேகிறது. இன்னொரு பக்கம், காற்றில் வரும் சத்தத்துக்கு வரம்பு உண்டு. தரை, சுவர் வழியாக அடுத்த வீட்டுக்குப் போகும் அதிர்வை அந்த டெசிபல் கணக்கு பார்ப்பதில்லை. பெட்டி சரியாக இருப்பதால் ஜெனரேட்டர் சட்டப்படி சரி. பக்கத்து வீட்டு முதியவரின் கட்டில் மட்டும் நடுங்குகிறது.

அப்படியானால் எல்லா ரப்பரையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பிடுங்கி எறிந்துவிடலாமா? கூடாது. அது பணத்துக்கும் கேடு, உண்மைக்கும் பொருந்தாது.

மதுரையில் வைகைமேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டது 1889-இல். ஏறக்குறைய அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒரு ரயில் மேம்பாலத்தின் அடியில் இயற்கை ரப்பர் பட்டைகளை வைத்தார்கள். இன்றைய தடுப்பு வேதிப்பொருள்கள் எதுவும் தெரியாத காலம் அது. ஏறக்குறைய நூறாண்டு கழித்து ஆராய்ந்தபோது, மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் வரைதான் ரப்பர் கெட்டிருந்தது; உள்ளே நல்லபடியாக இருந்தது. ஆக்சிஜன் தடித்த ரப்பருக்குள் ஊடுருவச் சிரமப்படுகிறது. மேல்தோலிலேயே அது செலவாகிவிடுகிறது. இங்கிலாந்தில் லிங்கன் நகரத்துப் பெல்ஹாம் பாலத்துக்கு 1957-இல் வைத்த இயற்கை ரப்பர் பேரிங்குகளும் பல பத்தாண்டுகள் கழித்துச் சோதிக்கப்பட்டன. அவற்றின் உட்பகுதியும் பெரிதாக மாறியிருக்கவில்லை. லண்டனில் பாதாள ரயில் நிலையத்தின் மேலேயே எழுப்பிய ஆல்பனி கோர்ட் குடியிருப்பு, 1966 முதல் ரப்பர் மீது நிற்கிறது. கீழே ரயில் ஓடுவது மேலே குடியிருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

ஆக, தடித்த, நிழலில் இருக்கும், நல்ல காம்பவுண்டில் வார்த்த ரப்பர் மனித ஆயுளையும் தாண்டலாம். மெல்லிய, சூட்டில் கிடக்கும், மலிவாக வார்த்த ரப்பர் இரண்டு மூன்று கோடையிலேயே தளரலாம். வெறும் வயதை வைத்து மட்டும் எதையும் தீர்மானிக்க முடியாது. அளக்கத்தான் வேண்டும். மேலே சொன்ன பாலங்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், அந்த ஊர்க்காரர்கள் எந்த ஆண்டில் எந்த ரப்பரை வைத்தோம் என்று எழுதி வைத்தார்கள். பிறகு ஆளனுப்பி எடுத்துச் சோதித்தார்கள்.

இதில் ஜப்பானியர்கள் ஒருபடி மேலே போகிறார்கள். நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காக ரப்பர் பேரிங்குகள் மேல் கட்டும் பல கட்டடங்களின் அடித்தளத்தில், அதே காம்பவுண்டில் வார்த்த தனி மாதிரி ஒன்றையும் சுமையேற்றி வைத்துவிடுகிறார்கள். கட்டடத்தைத் தாங்கும் பேரிங்கைக் கழற்றாமலே, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த மாதிரியை எடுத்துச் சோதனைக் கூடத்தில் அமுக்கிப் பார்த்து, விறைப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். பல பத்தாண்டுகளில் விறைப்பு ஓரளவு கூடும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டே வடிவமைக்கிறார்கள். இதே ஜப்பானில்தான் 2015-இல் டோயோ டயர் நிறுவனம் இத்தகைய பேரிங்குகளின் சோதனை எண்களைத் திரித்தது வெளியே வந்தது. முதலில் 55 கட்டடங்கள் என்றார்கள். விசாரணை விரிந்து 150-ஐத் தாண்டியது. நிறுவனம் அவற்றை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. விறைப்பு என்ற ஒரே ஒரு எண் அங்கே நாட்டின் தலைப்புச் செய்தியானது. அந்த எண்ணைக் கேட்க ஒரு சமூகம் பழகியிருந்ததால்தான் அது நடந்தது.

நம் நாட்டில் அந்தப் பழக்கத்துக்கான அடித்தளம் இல்லாமல் இல்லை. ரப்பரை அடுப்பில் வைத்துச் செயற்கையாக முதுமையாக்கிச் சோதிக்கும் முறையை ஐ.எஸ். 3400 தரநிலையின் நான்காம் பகுதி விவரிக்கிறது. பாலங்களின் ரப்பர் பேரிங்குகளுக்கு இந்தியச் சாலைப் பேரவையின் ஐ.ஆர்.சி. 83 விதி இருக்கிறது. அதன் 1987-ஆம் ஆண்டுப் பதிப்பு, வெயிலையும் ஓசோனையும் தாங்கும் குளோரோப்ரீன் ரப்பரைத்தான் பயன்படுத்தச் சொன்னது. ரயில்வே, தண்டவாளத்துக்கும் கான்கிரீட் ஸ்லீப்பருக்கும் நடுவே வைக்கும் 6 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் ரப்பர் பட்டைகளுக்குத் தனித் தரம் வைத்திருக்கிறது. 2001 நிலநடுக்கத்தில் இடிந்த குஜராத்தின் பூஜ் மாவட்ட மருத்துவமனை, ஈயமும் ரப்பரும் சேர்ந்த பேரிங்குகள் மீதுதான் மறுபடி எழுந்தது.

இந்த விதிகளின் கவனம் பெரும்பாலும் பொருள் வாங்கும் நாளோடு தீர்ந்துவிடுகிறது. புதிய ரப்பருக்குச் சான்றிதழ் கேட்கிறோம். ஐந்தாம் ஆண்டு ரப்பருக்குக் கேட்பதில்லை. அடுப்பில் சில நாள் வைத்த சோதனை, எந்தக் காம்பவுண்டு மட்டம், எது மேல் என்று பிரித்துக் காட்டும். மேலூர்ச் சாலையோரத்துக் கொட்டகையில் பத்து வருடம் கழித்து அது எப்படி இருக்கும் என்பதை அங்கேயே போய் அளந்தால்தான் தெரியும்.

முதலில் செய்ய வேண்டியது மிக எளிது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-இன் இருபத்து மூன்றாம் வாரத்தில் செய்தது. விவரம் தெரிந்தவர்கள் டயர் வாங்கும்போது இதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அதே மாதிரி மவுண்டிங்குக்கும், புஷ்ஷுக்கும், கம்ப்ரஸர் காலுக்கும் தயாரித்த தேதியும் புதிதில் இருந்த கடினத்தன்மையும் பொறிக்கப்பட வேண்டும். மோல்டில் ஒரு சின்ன முத்திரை சேர்த்தால் போதும். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்து இறுகிய சரக்கைப் புதிது என்று விற்பதும் இதனால் குறையும். பையில் சுற்றி வைத்திருந்தாலும் ரப்பர் மூப்படைகிறது. மதுரைத் தயாரிப்பாளர்கள் யாருடைய ஆணைக்கும் காத்திராமல் இதைத் தொடங்கலாம். முதலில் தொடங்குபவருக்கு அது விற்பனைச் சிறப்பாகவும் இருக்கும்.

இரண்டாவது, அரசு வாங்கும் இடத்தில் வர வேண்டும். மருத்துவமனை ஜெனரேட்டருக்கும், அரசுப் பேருந்துக்கும், புதிய மேம்பாலத்துக்கும் டெண்டர் போடும்போது, விறைப்பை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அளப்பது, எவ்வளவு மாறினால் மாற்றுவது என்ற வரி ஒன்று இருக்க வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஆயில், ஃபில்டர், பெல்ட் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. மவுண்டிங்கும் அங்கே சேரட்டும். பாலங்களுக்கு ஜப்பானைப் போல ஒரு மாதிரி பேரிங்கைத் தூணின் தலையிலேயே வைத்துவிட்டால், பின்னால் வரும் பொறியாளர் ஊகத்தை நம்ப வேண்டியதில்லை.

‘செலவு கூடுமே’ என்பார்கள். ஒரு மவுண்டிங்கின் விலை அது தாங்கும் எந்திரத்தின் விலையில் தூசு. இறுகிய ரப்பரால் விரிசல் விடும் சைலன்சர் குழாய், தளரும் போல்ட், கசியும் டீசல் குழாய் ஆகியவற்றின் செலவை யாரும் ரப்பர் கணக்கில் எழுதுவதில்லை என்பதால்தான் இது செலவாகத் தெரிகிறது. ரூபாயில் அடங்காத கணக்கும் இருக்கிறது. நாள் முழுக்க உதறும் பேருந்தையோ டிராக்டரையோ ஓட்டுபவரின் முதுகு அந்த அதிர்வை வாங்கிக்கொண்டே இருக்கிறது. நீண்டகால உடல் அதிர்வுக்கும் இடுப்பு வலிக்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் வெகுநாளாகச் சொல்லிவருகிறது. ஓட்டுநர் வலி மாத்திரை போட்டுக்கொள்வதைப் பராமரிப்புச் செலவாக எந்த டிப்போவும் எழுதாது.

அளப்பதற்குப் பெரிய கூடம் வேண்டியதில்லை. மெல்லிய மவுண்டிங்குக்கு டூரோமீட்டரே முதல் சோதனை. அது மேல்தோலைத்தான் அளக்கும் என்பதால், தடித்த பேரிங்குக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. சுமை ஏற்றி எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டும். திருப்பரங்குன்றத்தில் 1957 முதல் தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. மதுரையில் பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.களும் இருக்கின்றன. ஆண்டுதோறும் மாணவர்கள் ஏதோ ஒரு புராஜெக்ட் தேடுகிறார்கள். மேலூர் வட்டத்து மண்டபங்கள், அரிசி ஆலைகள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள ஜெனரேட்டர் மவுண்டிங்குகளை அளந்து, வயது, சூடு, ரப்பர் வகை, விறைப்பு என்று பதிவு செய்தால், நம் வெயிலில் ரப்பர் எப்படி மூப்படைகிறது என்பதற்கு நம்முடைய சொந்த அட்டவணை கிடைக்கும். குளிர்நாட்டுக் கையேட்டை அண்ணாந்து பார்க்கும் நிலை மாறும்.

சொந்தமாக ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. எந்திரம் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், நான்கு மூலையிலும் மவுண்டிங்கின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, தேதியோடு சட்டத்தில் பெயிண்டால் எழுதிவிடலாம். அடுத்த ஆண்டு அதே மாதம் அதே நேரத்தில் மறுபடி அளக்க வேண்டும். ரப்பரின் விறைப்பு வெப்பத்தோடு மாறும் என்பதால் நேரம் ஒத்திருப்பது முக்கியம். ஒரு மூலை மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், அல்லது எந்திரத்தை நிறுத்தும்போது முன்பைவிட அதிகமாகக் குதித்து நின்றால், நான்கையும் ஒரே செட்டாக மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் புதிய மென்மையும் பழைய விறைப்பும் சேர்ந்து எந்திரத்தை மறுபடி கோணலாக ஆட்டும்.